ஓடும் எஞ்சினுக்குப் பூட்டு

எங்கள் வீட்டு வேலையை வெளியாள் ஒருவன் குறை சொல்லி நான் கேட்டது ஒரு டயர் கடை வாசலில்.

"ரயில் ஓட்டிக்கிட்டிருந்தாரே ஒருத்தர், அந்த லிஃப்ட் பில்டிங்ல... அவரு காரைக் கொண்டாந்து நிறுத்தினாலே கத்த ஆரம்பிச்சிடுதாம். மொத்தக் குடித்தனமும் காதைப் பொத்திக்கிட்டு நிக்குது. மாப்பிள்ளை ஏதோ மாட்டிவிட்டாராம். மாமனார் மேல என்ன கோபமோ!"

சொன்னவனுக்கு என்னைத் தெரியாது. டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவனுக்குத் தெரியும். அவன் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. நானும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தெருவில் நின்று பதில் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அந்த மாப்பிள்ளை என் மகன். ரயில் ஓட்டியவர் என் சம்பந்தி. மாட்டிய இடம் எங்கள் பட்டறை. என் அப்பா தொடங்கியது, நான் நடத்தியது, இப்போது மகன் நடத்துவது. வண்டிகளுக்கு மின்சார வேலை மட்டும் செய்வோம். விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர், அலாரம், அதற்குள் ஓடும் வயர்கள். எஞ்சினைத் தொடமாட்டோம்.

எங்கள் பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு. கம்பெனி போட்டு அனுப்பிய வயரை வெட்டமாட்டோம். புதிதாக எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் பிளக்குக்குப் பிளக் செய்து நடுவில் செருகுவோம். வேண்டாம் என்றால் உருவிவிடலாம், வண்டி பிறந்தபடி இருக்கும். நேரம் அதிகம் பிடிக்கும் வேலைதான். ஆனால் அந்தச் சட்டம்தான் ஒரு முறை எங்களைக் காப்பாற்றியது. எங்களிடம் ஹாரன் மாற்றிக்கொண்டு போன வேன் ஒன்று அடுத்த வாரமே சாலையில் எரிந்துபோனது. வேன்காரர் ஆட்களோடு வந்து பட்டறை வாசலில் நின்றார். எரியாமல் மிஞ்சிய பாதி டேஷ்போர்டை நானே அவர்கள் கண்ணெதிரில் பிரித்தேன். வெட்டி முறுக்கி டேப் சுற்றிய இடங்கள் பல இருந்தன, எல்லாம் வேறு யாரோ செய்த ரேடியோ வேலை. எங்கள் கை பட்ட இடத்தில் ஒரு வெட்டு இல்லை. வேன்காரர் கையைக் கூப்பிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது சட்டம் இல்லை, எங்கள் வீட்டுப் பெயர்.

சம்பந்தியின் கார் பழைய டர்போ கார். டர்போ என்பது எஞ்சினின் புகை போகும் வேகத்தில் சுழலும் ஒரு சிறு விசிறி. நன்றாக ஓட்டிவந்தால் அது தணலாகச் சூடேறி இருக்கும். வந்த வேகத்தில் எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் ஓட்டமும் நின்று, அந்தச் சூட்டிலேயே உள்ளிருக்கும் எண்ணெய் கருகிப்போகும். அதனால் நிறுத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும். சம்பந்தி வாழ்நாள் எல்லாம் எஞ்சினோடு இருந்தவர், இதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. வீட்டுக்கு வந்து நிறுத்தியதும், "மூச்சு வாங்கட்டும்" என்று ஸ்டியரிங்கில் கைவைத்தபடி உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் சம்பந்தியம்மாவும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மருத்துவமனையில் காலுக்குப் பயிற்சி முடித்துத் திரும்பும்போது, எப்போது கால் நீட்டிப் படுப்போம் என்றிருக்கும். கணவரின் கை இல்லாமல் காரைவிட்டு இறங்கவும் முடியாது.

"எனக்கு மூச்சு வாங்குறது அவருக்குத் தெரியாது. எஞ்சினுக்கு வாங்குறது மட்டும் தெரியும்" என்று ஒரு முறை எங்கள் வீட்டில் சொல்லிச் சிரித்தார்.

அதைக் கேட்டுத்தான் மகன் ஒரு டர்போ டைமரை மாட்டிக்கொடுத்தான். சாவியை உருவிய பிறகும் எஞ்சினை ஓடவைத்து, ஆறியதும் தானே நிறுத்தும் சின்னப் பெட்டி அது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால்தான் வேலை செய்யும். சாவியை எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கிப் போகலாம். நான்தான் அந்த வேலையைப் பார்த்துத் தலையசைத்தேன். சம்பந்தியிடம், "ஒரு வயரைக்கூட வெட்டலை, பார்த்துக்குங்க" என்று பெருமையாகவும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மகனைக் கூப்பிட்டேன். சாப்பிட உட்கார்ந்திருந்தான். மருமகள் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"உன் மாமனார் கார் கத்துதாமே."

அவன் தட்டையே பார்த்தான். "ரிமோட்டுல பேட்டரி வீக்கா இருக்கும்பா."

"பேட்டரி வீக்குன்னா கத்தாது. சத்தமே வராது. என்கிட்டயே கதை விடுறியா?"

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "சொல்லிடுங்க. எத்தனை நாளைக்கு மென்னு முழுங்குவீங்க?"

மகன் சொன்னான். "சாவியை எடுத்த பிறகு டைமர் என்ன பண்ணுது? சாவி போட்டிருக்கிற மாதிரியே கரண்ட் குடுக்குது. அதே லைன்தான் அலாரத்துக்கும் போகுது. சாவி இன்னும் உள்ளதான் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு அலாரம் ரிமோட்டுக்குப் பூட்ட மாட்டேங்குது. மாமா சும்மா விடுவாரா? சாவியைக் கதவுல போட்டுத் திருப்பிப் பூட்டிடறார். கையால பூட்டினதும் அலாரம் தானா முழிச்சுக்குது. முழிச்சுப் பார்த்தா கதவு பூட்டியிருக்கு, உள்ள ஆள் இல்லை, எஞ்சின் ஓடுது. திருடன்னு கத்துது."

"அது சரியாத்தான் கத்துது" என்றேன்.

"அதான்பா. தப்பு அது மேல இல்லை."

"எஞ்சின் நிக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னு, அப்புறம் பூட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னோம் மாமா" என்றாள் மருமகள். "அம்மா ஒரு கையில கம்பும் ஒரு கையில அப்பாவுமா நிப்பாங்க. அப்பா ஒரு நாள் நிக்கிறார், ஒரு நாள் மறந்துடறார். மறந்த அன்னைக்கு ஊரே எழுந்துக்குது."

"அப்போ டைமரைக் கழட்டிடு."

சொல்லிவிட்டேனே தவிர எனக்கே அது பிடிக்கவில்லை. கழற்றுவது என்றால் தோற்றோம் என்று அர்த்தம்.

மகன் மனைவியைப் பார்த்தான். மருமகள்தான் பேசினாள். "கழட்ட வேண்டாம் மாமா. அலாரத்துக்குப் போற ஒரே ஒரு வயரை வெட்டி நடுவுல ரிலேன்னு ஒரு சின்ன சுவிட்ச் வச்சா சரியாப் போயிடும்னு இவர் ஒரு மாசமா என்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கார். என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? நானா வெட்டப் போறேன்? உங்ககிட்ட கேக்க நாக்கு எழும்பலை."

பிறகு மீதியையும் சொன்னாள். அவர்கள் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்துக்கு ஒரு செயலாளர் இருக்கிறார். எந்தக் கார் கோட்டைத் தாண்டினாலும் விசில் ஊதுவார், அதனால் அவருக்கு விசில் என்றே பெயர். லிஃப்டை ஒட்டிய இடம் சம்பந்திக்கு ஒதுக்கப்பட்டது அம்மாவின் காலை உத்தேசித்து. அந்த இடத்தின் மேல் பலருக்குக் கண். இன்னொரு முறை கார் கத்தினால் இடத்தை அடுத்தவருக்கு மாற்றிவிட்டு, காரை மதில் சுவருக்கு வெளியே மேட்டில் நிறுத்திக்கொள்ளச் சொல்வோம் என்று விசில் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"அந்த மேட்டுல அம்மாவால ஏறி இறங்க முடியாது மாமா. பயிற்சிக்குப் போறதையே விட்டுடுவாங்க. விட்டா கால் அப்படியே மடங்கிப் போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"இவ்வளவு நடந்திருக்கு, உங்கப்பா எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"சம்பந்தி வீட்டு வேலையை சம்பந்திகிட்டயே குறை சொல்றதான்னு இருந்துட்டார்."

அது எனக்கு டயர் கடைப் பேச்சைவிட அதிகமாகச் சுட்டது. எங்கள் மரியாதையை அவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார், அதற்கு அவர் மனைவியின் கால் விலையாகிக்கொண்டிருந்தது. கையைக் கழுவிவிட்டு நானே போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை காரோடு வரும்படி சொன்னேன்.

இருவருமாக வந்தார்கள். சம்பந்தியம்மாவை மருமகள் கைத்தாங்கலாக அழைத்துப்போய் பட்டறையின் மேசை நாற்காலியில் உட்காரவைத்தாள். சம்பந்தி உட்காரவில்லை. காரைச் சுற்றி வந்து நின்றார்.

"என்ன சம்பந்தி, ஞாயித்துக்கிழமை கடையைத் திறந்து வச்சிருக்கீங்க? வீட்டுல விரட்டிட்டாங்களா?"

"உங்க காரை ஆறு தெருவுக்குக் கேக்குற மாதிரி பண்ணிட்டோம். ஏழாவது தெருவுக்கும் கேக்க வைக்கலாம்னுதான்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "போட்டுக் குடுத்துட்டியா?"

"நான் போட்டுக் குடுக்கலைப்பா. மாமா தோண்டி எடுத்தார்."

"பிறந்தது எங்க வீட்டுல, விசுவாசம் இங்க" என்றார் சம்பந்தி. சிரித்தார். பிறகு என் பக்கம் குரலைத் தாழ்த்தினார். "பெரிசா ஒண்ணும் இல்லை சம்பந்தி. நான்தான் அவசரத்துல பூட்டிடறேன். மாப்பிள்ளை மேல தப்பு இல்லை."

"தப்பு யார் மேலங்கிறதை நாங்க பார்த்துக்கறோம். நீங்க உட்காருங்க."

அப்போதும் வயரை வெட்டுவதாக நான் முடிவு செய்திருக்கவில்லை. எனக்கு வேறொரு யோசனை இருந்தது. அலாரப் பெட்டியில் செருகியிருக்கும் பிளக்கில், ஒவ்வொரு வயரின் நுனியிலும் ஒரு பித்தளைப் பின் இருக்கும். பிளக்குக்குள் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். நாக்கை ஊசியால் நிமிர்த்தினால் பின் முழுசாக வெளியே வந்துவிடும். அந்தப் பள்ளத்தில் நம்முடைய பின்னைச் செருகி, அவர்களுடையதை உறை போட்டு ஓரமாகக் கட்டிவிடலாம். வெட்டு இல்லை, சட்டமும் பிழைக்கும்.

மகனிடம் சொன்னேன்.

"வண்டி பழசுப்பா. அந்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும்."

"உன் கைக்கு அப்பளம். என் கைக்கு இல்லை."

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றி, முதுகைக் கால்மிதிமேல் கிடத்தித் தலையை உள்ளே விட்டேன். மகன் விளக்கைப் பிடித்தான். அலாரப் பெட்டி கைக்கு எட்டியது, பிளக் அழகாகக் கழன்று வந்தது. கறுப்பு வயரில் மஞ்சள் கோடு. சோதனை விளக்கை வைத்துப் பார்த்தோம். சாவி போட்டால் எரிந்தது, சாவியை எடுத்து டைமர் ஓடும்போதும் எரிந்தது. அதுதான் நாங்கள் தேடியது. ஊசியை உள்ளே விட்டு நாக்கை மெதுவாக நிமிர்த்தினேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினேன்.

டிக் என்றது.

நாக்கு மட்டும் இல்லை, பிளக்கின் பக்கச் சுவரே ஓர் ஓரமாக விண்டு என் மார்பில் விழுந்தது. மகன் விளக்கை ஆட்டவே இல்லை. "சொன்னேனே" என்று சொல்லக்கூடிய இடம். சொல்லவில்லை. அந்த வரைக்கும் பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறோம்.

"என்ன சத்தம்?" என்றார் சம்பந்தி வெளியிலிருந்து.

எழுந்து வந்தேன். சட்டைமேல் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். "உங்க வண்டிச் சாமானை உடைச்சிட்டேன். மாப்பிள்ளை இல்லை, நான். வயரை வெட்டக் கூடாதுன்னு பார்த்தேன், பிளக் போச்சு. இறுக்கிக் கட்டினா நிக்கும், ஆனா இனிமே அது பழைய பிளக் இல்லை."

அவர் அந்தக் கறுப்புத் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதுவா? நான் ஓட்டின எஞ்சினுல தினம் இந்த மாதிரி ஒரு கூடை விழும்" என்று சொல்லித் தூர எறிந்தார். அவர் எறிந்தது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. என்றாலும் மனம் சமாதானம் ஆகவில்லை.

மகனைப் பார்த்தேன். "எங்க வெட்டணும்னு நினைச்ச?"

ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தவன், தயங்காமல் சொன்னான். "பிளக்குல இருந்து நாலு விரல் தள்ளி. ரெண்டு பக்கமும் முனை நீளமா விட்டுடுவேன், நாளைக்கு வேணும்னா திரும்ப சேர்க்கலாம். நடுவுல ரிலே. ரேடியோவுக்குப் போற லைன்ல இருந்துதான் ரிலேவுக்குக் கரண்ட் எடுக்கறேன். சாவியை எடுத்ததும் ரேடியோ லைன் செத்துடும், டைமர் அதைத் தொடாது. அப்போ ரிலேவும் அணைஞ்சு அலாரத்துக்குப் போற லைனை விட்டுடும். எஞ்சின் ஓடினாலும் அலாரத்துக்கு சாவி இல்லைன்னுதான் தெரியும். ரிமோட்டை அமுக்கினா பேசாம பூட்டிக்கும்."

"ஸ்டார்ட் பண்ணும்போது ரேடியோ லைன் ஒரு நொடி விட்டுப்போகுமே?"

"போகும். அப்போ அலாரம் முழிச்சிருக்காது, ஒண்ணும் பண்ணாது. அதையும் பார்த்துட்டேன்."

குற்றம் சொல்ல இடம் வைக்கவில்லை. டைமரை மாட்டிய அன்றே இதைச் செய்திருக்கலாம். செய்யாததற்குக் காரணம் அவன் அறியாமை இல்லை, எங்கள் சட்டம்.

அவன் கத்தரியை எடுத்தான். நான் கையை நீட்டினேன். "குடு."

"நான் பண்றேன்பா. நீங்க மறுபடி கீழ படுக்கணும்."

"குடுடா. நாளைக்கு யாராவது இந்த வண்டியைப் பிரிச்சுப் பார்த்து, அந்த வீட்டுல வெட்ட மாட்டாங்கன்னு சொன்னாங்களே, யார் வெட்டினதுன்னு கேட்டா, சட்டம் போட்டவனே வெட்டினான்னு இருக்கணும். பையன் மீறினான்னு இருக்கக் கூடாது."

கத்தரியோடு சம்பந்தியிடம் போனேன். "சம்பந்தி, உங்க கார்ல ஒரு வயரை வெட்டப் போறேன். இது வரைக்கும் எந்த வண்டியிலயும் நாங்க பண்ணினது இல்லை. உங்க சம்மதம் வேணும்."

அவர் என்னையும் கத்தரியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு வயருக்கு இவ்வளவு பீடிகையா? நான் என்னவோ பொண்ணு கேக்க வர்றீங்களோன்னு பயந்துட்டேன். அதான் குடுத்தாச்சே!"

"குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கறீங்களான்னு கேளுங்க மாமா" என்றாள் மருமகள்.

"ஐயோ, வேண்டாம்மா. வித்த சரக்கு."

சம்பந்தியம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "வெட்டுங்க சம்பந்தி" என்றார். "எனக்காகத்தானே வெட்டறீங்க. நான் சொல்றேன், வெட்டுங்க."

மறுபடி படுத்தேன். வெட்டினேன். ஒரு வயரை வெட்டுவதில் சத்தமே இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். பிறகு கத்தரியை மகனிடம் கொடுத்துவிட்டு விளக்கை வாங்கிப் பிடித்துக்கொண்டேன். மீதியை அவன் செய்தான். ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறையைச் சூடுகாட்டிச் சுருங்கவைத்து, ரிலேயைத் தனித் தகட்டில் திருகி, உடைந்த பிளக்கை இரண்டு பட்டையால் கட்டி முடித்தான். கை சுத்தமான கை.

பட்டறை வாசலிலேயே பார்த்தோம். சம்பந்தி சாவியை எடுத்தார், எஞ்சின் ஓடியது. ரிமோட்டை அமுக்கினார், பூட்டிக்கொண்டது. காத்திருந்தோம், கத்தவில்லை. எஞ்சின் தானாக நின்றது, அப்போதும் கத்தவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் பூட்டி, உள்ளே கைவிட்டுக் கதவைத் திறந்து பார்க்கலாம் என்று மகன் சொன்னான். அலாரம் உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதற்குள் சம்பந்தியம்மாவுக்குக் கால் வலிக்கத் தொடங்கியிருந்தது. வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். நானும் மகனும் கூடவே போனோம்.

குடியிருப்பின் கீழ்த்தளத்தில் லிஃப்டை ஒட்டிக் காரை நிறுத்தியபோது விசில் அங்கேயே இருந்தார். கழுத்தில் நிஜமாகவே விசில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டி துடைத்துக்கொண்டிருந்த சிலரும் இருந்தார்கள். சம்பந்தியின் கார் வந்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டு எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர் தன் குழந்தையின் காதைப் பொத்தினார்.

சம்பந்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், சாவியை உருவினார், சுற்றி வந்து மனைவியை இறக்கினார். ரிமோட்டை அமுக்கினார். விளக்கு ஒரு முறை கண்சிமிட்டிப் பூட்டிக்கொண்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"சார், சார், வண்டி ஓடுது!" என்று விசில் ஓடி வந்தார். "உள்ள ஆள் இல்லையே! கிளம்பிடப் போகுது!"

"எங்கயும் போகாது. மூச்சு வாங்குது" என்றார் சம்பந்தி.

எல்லோரும் நின்று பார்த்தோம். ஆளில்லாத கார் ஒன்று தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருப்பதைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். பிறகு ஒரு சிறு குலுக்கலோடு அது நின்றது. நிசப்தம். குழந்தையின் காதிலிருந்து கை இறங்கியது.

விசில் காரைச் சுற்றி வந்தார். முகத்தில் ஏமாற்றமா நிம்மதியா என்று தெரியவில்லை. "கத்தலையே" என்றார். பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. "ஓ, புரிஞ்சு போச்சு. அலாரத்தையே சாகடிச்சிட்டீங்க. அப்புறம் எப்படிக் கத்தும்?" என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் அந்த மெக்கானிக் வீட்டுப் பெரியவரா? சரி பண்ணத் தெரியலைன்னா பிடுங்கி விட்டுடறது. எல்லாக் கடையிலயும் இதே வேலைதான் சார். என்னவோ உங்க கடையைப் பத்தி ரொம்பப் பெரிசா சொன்னாங்க."

துடைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அலாரம் உயிரோடு இருக்கிறது என்று காட்ட ஒரே ஒரு காரியம் போதும். சோதித்துப் பார்க்க என்று இறக்கிவிட்ட கண்ணாடி ஒரு சாண் இறங்கித்தான் இருந்தது. கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தால் போதும். அந்தக் கட்டடமே அதிரும்படி எங்கள் வீட்டு வேலை பதில் சொல்லும். ஓர் அடி முன்னால் வைத்துவிட்டேன்.

மகன் என் முழங்கையைப் பிடித்தான். அவன் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். லிஃப்டின் கதவைப் பிடித்தபடி, கம்பை ஊன்றிக்கொண்டு சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார். என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு முறை கத்தினால் இடம் போய்விடும். காரணம் எதுவானாலும் சத்தம் சத்தம்தான்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "இடம் இவங்களுக்குத்தானே?" என்று விசிலைக் கேட்டேன்.

"கத்தாத வண்டியை நான் ஏன் சார் துரத்தப் போறேன்? இருக்கட்டும். ஆனா திருடு போனா என்கிட்ட வரக் கூடாது."

"வரமாட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். விசில் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, கோட்டைத் தாண்டி நின்ற வேறொரு ஸ்கூட்டரை நோக்கிப் போய்விட்டார். சம்பந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கண்ணால் தடுத்தேன். அன்று அவர்கள் வீட்டில் தேநீர் குடித்தோம். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திரும்பும் வழியில் மகன், "சாரிப்பா" என்றான். "நீ எதுக்குடா" என்றேன். வீடு வரும்வரை அந்தச் சிரிப்பு என் காதிலேயே இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பட்டறையில் இருந்தபோது போன் வந்தது. சம்பந்தியம்மா. அவர் எனக்கு நேராகப் போன் செய்ததே கிடையாது. என்னவோ ஏதோ என்று எழுந்து நின்றேன்.

"சம்பந்தி, நாங்க ஆஸ்பத்திரியில இருந்து திரும்பற வழியில இருக்கோம். ஆத்தோரம், வெட்டவெளி. ஒரு ஈ காக்கா இல்லை. காரை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டிருக்கோம், சாவி என் கையில இருக்கு. ரிமோட்டுல பூட்டியாச்சு, நான் கல்லு மேல உட்கார்ந்திருக்கேன். உங்க சம்பந்தி கண்ணாடி வழியா கையை விடறார். போனைக் காதுல நல்லா வச்சுக்குங்க."

அடுத்த நொடி காது கிழிந்தது. போனைத் தூர நீட்டினேன். பட்டறை முழுக்கக் கேட்டது. எஞ்சின் ஓடும்போதே, சாவி இல்லாமல், விழித்திருந்து கத்துகிறது. ஒரு குறையும் இல்லாத கத்தல். அதற்கு நடுவே சம்பந்தியம்மா சிரிப்பதும், "உயிரோட இருக்கு சம்பந்தி! உயிரோட இருக்கு!" என்று அவர் கத்துவதும், சம்பந்தி தூரத்திலிருந்து, "ரிமோட்டைக் குடுடி, காது போச்சு!" என்று அலறுவதும் கேட்டன.

ஒரு வண்டிக்கு அடியில் இருந்த மகன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான். போனை மேசைமேல் வைத்தேன்.

"போதுமாப்பா? நிறுத்தச் சொல்லட்டுமா?"

"இருடா" என்றேன். "இன்னும் கொஞ்சம் கத்தட்டும்."